வயரைக் கழட்டியும் நிக்காத வண்டி

ஏன் சார் கையைப் பிடிக்கிறீங்க? வயரைத்தானே கழட்டப் போறேன், உங்க கழுத்தையா அறுக்கப் போறேன்? இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கட்டும். ஆஃப் பண்ணாதீங்க. அட, பண்ணிட்டீங்களா. சரி, போங்க.

என்னா, வீடியோவுல பாத்தீங்களா? ஓடுற இன்ஜின்ல பேட்டரி வயரைக் கழட்டக்கூடாதுன்னு எவனாச்சும் கண்ணாடி போட்டுக்கிட்டுச் சொல்லியிருப்பான். அவன் வாழ்க்கையில ஒரு வண்டிக்கு அடியில படுத்திருப்பானா? சொல்லுங்க, படுத்திருப்பானா?

விசயம் ரொம்பச் சின்னது சார். பேட்டரிங்கிறது வண்டியைக் கிளப்பிவிட. கிளம்பின பெறகு கரண்டு குடுக்கிறது டைனமோ, நீங்க ஆல்டர்னேட்டர்ம்பீங்க. வண்டி ஓடுறப்பப் பேட்டரி வயரைத் தூக்கிவிட்டா, இன்ஜின் நின்னுபோச்சுன்னா டைனமோ அவுட்டு. நிக்காம ஓடுச்சுன்னா டைனமோ கிண்ணுன்னு இருக்கு, பேட்டரிதான் போச்சு. இவ்வளவுதான். வோல்ட் பாக்கிற மீட்டரா? இருக்கே. அந்தா செவுத்துல தொங்குது பாருங்க. ஆயுத பூசைக்கு என் பொண்டாட்டி அதுக்குப் பொட்டு வைப்பா. மத்த நாளு அதுபாட்டுக்குத் தொங்கும்.

டயோடு எரிஞ்சுபோகும்னு சொல்றீங்க. இதே வார்த்தையைத்தான் சார் தேனியில ஒரு ஒர்க்‌ஷாப்காரனும் சொன்னான். ஓடுற வண்டியில வயரைத் தூக்கினா கரண்டு எங்க போறதுன்னு தெரியாம எகிறும், டைனமோக்குள்ள இருக்கிற டயோடைச் சாப்ட்டுரும், அப்பவே சாகாது, கொஞ்சங்கொஞ்சமாச் சாகும்னு. சட்டை கசங்காம நின்னு சொன்னான். அந்த ஒரு சொல்லால என் குடும்பமே ரெண்டாப் போச்சு. உங்களுக்கு அது தெரியாது. தெரிஞ்சா கையைப் பிடிச்சிருக்க மாட்டீங்க.

உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துக்கங்க. உங்க பேட்டரியைச் சார்ஜுல போட்டுவிட்டுர்றேன், அது ஏறுற வரைக்கும் போடியை விட்டு எங்க போவீங்க? டீ சொல்றேன். கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

எனக்கு ஒரே தங்கச்சி, செண்பகம். அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேந்த பெறகு நான்தான் அவளை வளத்தேன். சும்மா பேச்சுக்குச் சொல்லல, சடை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவன் சார் நான். எனக்குப் புள்ளகுட்டி கிடையாது. ரத்தம்னு சொல்லிக்க இந்த ஒலகத்துல அவ ஒருத்திதான். அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா எனக்கு அப்புறம் என்ன இருக்கு? இந்தக் கடை இருக்கு, அந்த மீட்டரு இருக்கு.

அவளை மேல போடிமெட்டுல குடுத்திருந்தேன். மாப்பிள்ளை பேரு பரமன். ஏலத்தோட்டத்துல சூப்பர்வைசர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு, தங்கமான மனுசன். ஒரே பொண்ணு கௌசல்யா, கௌசின்னு கூப்பிடுவோம். அதுக்கு நான்னா உசுரு. மாமா மாமான்னு காலைச் சுத்தி வரும். காதுகுத்துக்கு என் மடியில உக்காந்து என் சட்டையைக் கடிச்சே கிழிச்சுப்புட்டா.

மாப்ள ஒரு கார் வாங்குனாரு. பழைய வண்டிதான், டீசலு, ஆனா ஒரு டாக்டரு வச்சிருந்தது, குண்டூசி கீறல் இருக்காது. ஒருநா காலையில செல்ஃப் எடுக்கலைன்னு தள்ளி ஸ்டார்ட் பண்ணி, கௌசியைக் கூட்டிக்கிட்டு நேரா இங்க கொண்டாந்துட்டாரு. இதே எடந்தான், உங்க வண்டி நிக்கிற எடம். டெர்மினல்ல வெள்ளையாப் பூத்துக் கெடந்துச்சு. சுடுதண்ணி ஊத்திக் கழுவினேன். கௌசியை ஸ்டியரிங்குல உக்காரவச்சு, "ரேஸ் பண்ணு தாயி"ன்னேன். அது அப்பத்தான் லைசென்ஸ் எடுத்திருந்துச்சு, ஒரே சந்தோசம். வயரைத் தூக்கினேன். டப்புனு ஒரு பொறி. பாடிக்கிட்டிருந்த பாட்டுச்செட்டு கம்முனு ஆயிருச்சு. ஆனா இன்ஜின்? நிக்கலையே! சும்மா கரும்பு மில்லு கணக்கா ஓடுது.

அந்தச் செட்டு போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார். மட்டமான செட்டு, அதுக்கு நேரம் வந்துச்சு, போச்சு. ஆனா கௌசி கேட்டுச்சு, "மாமா, அந்த மீட்டரை வச்சு ஒருக்காப் பாத்துருங்களேன். எத்தனை வோல்ட் வருதுன்னு தெரியும்ல"ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அடி கழுதை, உங்க மாமன் காதுலயே வோல்ட் பாப்பான்டி"ன்னேன். மாப்ளையும் சிரிச்சாரு. புது பேட்டரி மாட்டிவிட்டேன். கிர்ருனு எடுத்துக்கிட்டுப் போனாங்க. வேலை சுத்தம். அதுல எவனும் கொறை சொல்ல முடியாது.

அதுக்குப் பெறகு ஐப்பசி மழை வந்துச்சு.

அன்னைக்குச் செண்பகம் கீழ எங்க வீட்டுலதான் இருந்தா. என் பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னு கஞ்சி வச்சுக் குடுக்க வந்திருந்தா. மேல மாப்ளைக்கு மத்தியானம் சாப்ட்ட பெறகு நெஞ்சைப் பிடிச்சிருக்கு. வேர்த்துக் கொட்டியிருக்கு. கௌசி அவரை வண்டியில ஏத்திக்கிட்டுக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கு. மெட்டு ரோட்டை நீங்க பாத்திருக்கீங்கள்ல, வளைவுக்கு மேல வளைவு. பகல்லயே மேகம் எறங்கி ரோட்டை மூடிரும். ஹெட்லைட்டு போட்டாகணும், வைப்பர் போட்டாகணும், கண்ணாடி பனி பூக்குதுன்னு பேன் போட்டாகணும். அவ்வளவையும் டைனமோதானே சொமக்கணும்? பாதி மலையில லைட்டு மங்கியிருக்கு. வைப்பரு மெதுவா நகந்து நகந்து நடுக் கண்ணாடியிலயே நின்னுருச்சு. அப்புறம் இன்ஜினும் நின்னுபோச்சு.

இன்ஜின் நின்னா என்ன சார்? எறக்கந்தானே? நியூட்ரல்ல விட்டாலே உருண்டு வந்துராதா? நான் வந்திருப்பேன். பிரேக்கு கல்லு மாதிரி ஆயிருச்சு, ஸ்டியரிங் திரும்ப மாட்டேன்னுச்சுன்னு அந்தப் புள்ள பாறை ஓரமா அணைச்சு நிப்பாட்டிருச்சு. பயந்துருச்சு. சின்னப் புள்ளதானே, அதைக் குத்தம் சொல்லல. ஆனா ஒரு ஆம்பளை ஓட்டியிருந்தா வந்து சேந்திருப்பான். அங்க டவரும் கிடையாது. மழையில ரோட்டுல நின்னு கையைக் காட்டியிருக்கு. மேகத்துல எவனுக்குத் தெரியும்? ஒரு ஏலக்கா லாரி பாத்து நிப்பாட்டினப்ப மாப்ள அது மடியிலயே அடங்கிட்டாரு.

அய்யோ சார், அந்த எழவு வீட்டை ஏன் கேக்கிறீங்க. லாரியில இருந்து எறக்குறப்பச் செண்பகம் என் தோளைப் பிடிச்சுத் தொங்குனா. "அண்ணே, நீ மாட்டின பேட்டரிதானேண்ணே, நீ மாட்டினதுதானே"ன்னு. அவ குத்தமாச் சொல்லல, பொலம்புறா. ஆனா சுத்தி நிக்கிறவன் வாயி சும்மா இருக்குமா? பரமன் தம்பி ஒருத்தன், அவந்தான் வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போயி தேனியில அந்த ஒர்க்‌ஷாப்புல விட்டவன். கருமாதிக்கு மொத நா வந்து கூட்டத்துல வச்சே சொல்றான், "டைனமோவுல டயோடு எரிஞ்சிருக்காம். யாரோ ஓடுற இன்ஜின்ல வயரைக் கழட்டியிருக்காங்களாம்"னு. யாரோவாம்! என்னைப் பாத்துக்கிட்டே சொல்றான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எந்திரிச்சேன். "ஏப்பா, டைனமோ வேலை செய்யலைன்னா ஸ்டியரிங்குக்கு முன்னால மீட்டர்ல செவப்பு லைட்டு எரியும். பேட்டரி படம் போட்டு எரியும். சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். லைட்டு எரிஞ்சா வண்டியை எடுக்கலாமா வேணாமான்னு எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா? நான் என்ன செத்தா போனேன்? ஒரு போன் வந்துச்சா எனக்கு?"ன்னு சத்தமாவே கேட்டேன். கௌசி அப்பன் போட்டோவுக்கு விளக்கு ஏத்திக்கிட்டிருந்தா. திரும்பி என்னைப் பாத்தா. திரியைத் தூண்டிவிட்டுட்டு உள்ள போயிட்டா.

செண்பகம் அன்னைக்கு எனக்காக நின்னா சார். என் தங்கச்சி! தாலியறுத்து உக்காந்திருக்கிறவ, கொழுந்தனைப் பாத்து, "எங்கண்ணனை நாக்கு மேல பல்லைப் போட்டு எவனாச்சும் பேசினீங்க, நடக்கிறதே வேற. எங்கண்ணனுக்கு ஒரு போன் போயிருந்தா என் புருசன் உசுரோட இருந்திருப்பாரு"ன்னா. அப்படியே என் நெஞ்சு நெறஞ்சு போச்சு. ஊரு என்ன பேசினா என்ன? கடைக்கு வர்ற வண்டி கொறஞ்சுச்சு, கொறையட்டும்னு விட்டுட்டேன். என் தங்கச்சி என் பக்கம் இருக்கா. அது போதும்.

டீ ஆறுது, குடிங்க.

எழவு விழுந்த வீட்டுல வருசம் திரும்புறதுக்குள்ள ஒரு நல்ல காரியம் பண்ணணும்பாங்க. கௌசிக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சு. கம்பத்துப் பையன், நல்ல பையன். செண்பகம் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அப்பன் இல்லாத புள்ள, எல்லாத்துக்கும் நீதாண்ணே"ன்னா. தாய்மாமன் இல்லாம எங்க பக்கம் கல்யாணம் ஏது? சீர் தட்டுல ஒண்ணு கொறைய விடல நான். மேளம் வச்சு, வெடி போட்டு, எங்க தெருவே வேடிக்கை பாக்கத் தட்டுத் தூக்கிக்கிட்டுப் போனோம். மேளச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அதை ஞாபகம் வச்சுக்கங்க, தொண்டை அப்பவே கட்டியிருந்துச்சு.

முகூர்த்தத்துக்கு முன்னால தாய்மாமன் போயி பொண்ணுக்கு மாலை போட்டுக் கூட்டியாரணும். அறைக்குள்ள போனேன். கௌசி மட்டுந்தான் இருந்தா, தோழிப் பொண்ணுங்களை வெளிய அனுப்பியிருந்தா. பட்டுச் சேலையில பாக்கிறேன், எங்க ஆத்தா மாதிரியே இருக்கா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. மாலையைத் தூக்கினேன். கழுத்தைக் குனியாம அப்படியே நிக்கிறா.

"மாமா, அன்னைக்கு அப்பா உங்களுக்குப் போன் பண்ணினப்ப ஸ்பீக்கர்லதான் இருந்துச்சு"ங்கிறா.

"எந்தப் போனு தாயி?"ன்னேன்.

"போனு என் மடியிலதான் மாமா இருந்துச்சு. வண்டி எங்க வீட்டு வாசல்லதான் நின்னுச்சு."

அப்படிப் பாக்காதீங்க சார். சரி, வந்துச்சு. போன் வந்துச்சுதான். இப்ப என்ன? மழை அடிக்கிற சத்தத்துல அரைகொறையாக் கேட்டுச்சு. "மச்சான், செவப்பு லைட்டு ஒண்ணு எரியுது, பேட்டரி மாதிரி படம் போட்டிருக்கு. நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது, ஆஸ்பத்திரிக்கு வரணும். பக்கத்து வீட்டு ஜீப்பு நிக்கிது, அதுல வரவா?"ன்னாரு. அவரு சாப்ட்டுட்டு உடனே படுக்கிற ஆளு, எப்பப் பாத்தாலும் வாய்வும்பாரு. அப்படித்தான்னு நெனச்சேன். "ஒண்ணும் ஆகாது மாப்ள, புதுப் பேட்டரி, லைட்டு சும்மா எரியும். தைரியமா ஏறுங்க"ன்னேன். ஆறுதலுக்குத்தானே சார் சொல்றது? நெஞ்சு வலிக்கிற மனுசனை ஜீப்புல குலுங்கிக்கிட்டு வரச் சொல்லவா? அதுவும் அடுத்தவன் ஜீப்புல வந்து எறங்கினா, இந்தச் சன்னாசி பாத்த வண்டி மலை எறங்கலைன்னு நாலு பேரு பேச மாட்டானா? அவரு நல்லதுக்கும் சேத்துத்தான் சொன்னேன்.

நான் டைனமோவைப் பாத்தேன், நல்லா இருந்துச்சு. பாத்தப்ப நல்லா இருந்ததுக்கு நான் எப்படிப் பொறுப்பு?

கௌசி சத்தம் போடல. அழுகல. "அம்மாகிட்டச் சொல்லல மாமா. சொன்னா அம்மாவுக்கு யாருமே இல்லாமப் போயிருவாங்க"ன்னுச்சு. பெறகு அதுவாவே குனிஞ்சு கழுத்தை நீட்டுச்சு. நான் மாலையைப் போட்டேன். பாத்தீங்களா? தப்பு என்மேல இருந்தா என் கையால மாலை வாங்குமா? நீங்களே சொல்லுங்க. கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். செண்பகம் கீழ நின்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டுச் சிரிச்சா. தாலி கட்டி, பந்தி முடிஞ்சு, எல்லாம் சீரும் சிறப்புமாத்தான் நடந்துச்சு.

பொண்ணை அனுப்பிவைக்கிற நேரம். மண்டபத்து வாசல்ல மாப்பிள்ளை வீட்டுக் காரு பூவைச் சுத்திக்கிட்டு நிக்கிது, இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டு வீட்டுச் சனமும் நிக்கிறாங்க. செண்பகம் வெத்தலைத் தட்டோட என் பக்கத்துல. கௌசி எல்லாரு கால்லயும் விழுந்து கும்பிட்டா. என் கால்ல கடைசியா விழுந்தா. எந்திரிச்சுக் காருக் கதவைப் பிடிச்சுக்கிட்டு, ஏறாம நின்னா.

"ஏறவா மாமா?"ன்னு கேட்டா.

எல்லாப் பொண்ணும் கேக்கிறதுதானே? ஏறு தாயி, நல்லபடியாப் போயிட்டு வான்னு சொல்ல வேண்டியதுதான். வாயைத் தொறந்தேன் சார். வரல. எத்தனை கல்யாணத்துல எத்தனை பொண்ணுகளை ஏத்திவிட்டிருக்கேன் நானு.

"சொல்லுண்ணே, நல்ல நேரம் போகுது"ன்னு செண்பகம் என் முழங்கையை இடிச்சா. மாப்பிள்ளைப் பையன், "பாசம் பொங்குது மாமாவுக்கு"ன்னு சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. கௌசி சிரிக்கல. என் கண்ணையே பாத்துக்கிட்டு நிக்கிறா. அது கோவமாக் கேக்கலை சார், அதுதான் எனக்கு இன்னும் புரியல. சின்னதுல ஊஞ்சல்ல ஏறுறதுக்கு முன்னால கேக்குமே, அந்தக் கொரல்லதான் கேட்டுச்சு.

"அப்பாவுக்குச் சொன்னீங்கள்ல மாமா. எனக்கும் சொல்லுங்க."

நெத்தியெல்லாம் வேர்த்துருச்சு. வாயி மட்டும் வரல. கௌசி கதவைச் சாத்திட்டு, காருல ஏறாம, மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க வந்த வேனுல போயி ஏறி உக்காந்துக்கிட்டா. பட்டுச் சேலையோட, மாலையோட. மாப்பிள்ளைப் பையன் ஒண்ணும் புரியாம அவ பின்னால ஓடினான். வேன் போயிருச்சு. பூச்சுத்தின காரு ஆளில்லாம அதுக்குப் பின்னால போச்சு.

செண்பகம் நின்ன எடத்துலயே நின்னா. சனமெல்லாம் கலையிற வரைக்கும் தட்டைக் கையிலயே வச்சிருந்தா. அப்புறம் மெதுவா, என்னமோ கடையில வெலை கேக்கிற மாதிரி கேட்டா.

"அண்ணே, அன்னைக்கு அவரு உனக்குப் போன் பண்ணினாராண்ணே?"

இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். எழவு வீட்டுல அத்தனை பேரு முன்னாடி சொன்னவனுக்கு அவ ஒருத்திகிட்டச் சொல்ல முடியாதா? நான் சொன்னேன், "இல்ல செண்பகம், ஓடுற இன்ஜின்ல வயரைக் கழட்டிப் பாத்தேன்மா, வண்டி நிக்கலையே"ன்னு. எனக்கே தெரியாம வாய் அதைச் சொல்லிருச்சு. அவ கேட்டது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு.

அவ திட்டலை. மண்ணை வாரித் தூத்தலை. அவ என்னை அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன் சார். தட்டுல இருந்து வெத்தலையும் பாக்கும் எடுத்து, மொறையாத் தாய்மாமனுக்குக் குடுக்கிற மாதிரியே ரெண்டு கையாலயும் என் கையில வச்சா. தாம்பூலம் வாங்கின விருந்தாளி வீட்டுக்குக் கிளம்பணும்ல, அந்த மாதிரி.

"உன் மொறையெல்லாம் செஞ்சு முடிச்சிட்டண்ணே. இனி எனக்கு நீ செய்ய வேண்டியது ஒண்ணும் இல்ல. போயிரு"ன்னா.

கோவத்துல சொல்றா, ரெண்டு நாள்ல சரியாப் போகும்னு நானும் வந்துட்டேன். இப்ப கௌசிக்குப் புள்ள பொறந்திருக்காம். ஆம்பளப் புள்ள. மெட்டு பஸ்சு டிரைவரு சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுன்னாவது செண்பகத்துக்கிட்டச் சொல்லியிருக்கணும். அதுக்குக்கூட வாய் வரல பாருங்க.